அமெரிக்காவில் வரலாற்று பிஎச்.டி.: இடம் கிடைப்பதும் கிடைக்காததும் எதனால்?

அமெரிக்காவில் வரலாற்றில் பிஎச்.டி. செய்ய விண்ணப்பிக்கிறவர்களை ஆண்டுதோறும் குழப்புகிற விஷயம் ஒன்று உண்டு. யேல் மாதிரியான ஓர் இடம் எடுத்துக்கொண்ட மாணவரை, அந்த அளவு பெயரில்லாத ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று சொல்லிவிடும். இரண்டுக்கும் போனது அதே மதிப்பெண்கள், அதே பரிந்துரைக் கடிதங்கள், ஏறக்குறைய அதே கட்டுரைகள்தான். நம் ஊர்ப் பொறியியல் கலந்தாய்வைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். அங்கே கட்-ஆஃப் 195 வைத்திருப்பவருக்கு, அதே பிரிவில் 190க்குத் திறக்கிற கல்லூரி கதவைச் சாத்தாது. வரலாற்று பிஎச்.டி. சேர்க்கையில் அப்படியொரு வரிசையே கிடையாது. ஆனாலும் முடிவுகளைக் குலுக்கல் சீட்டு என்று சொல்லிவிட முடியாது. அதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கின் பெரும்பகுதி விண்ணப்பதாரரின் கோப்புக்கு வெளியே நடக்கிறது என்பதுதான் விஷயம்.

முதலில் பணம். அமெரிக்காவின் நல்ல வரலாற்றுத் துறைகளில் பிஎச்.டி. மாணவர் கட்டணம் செலுத்திப் படிப்பதில்லை. கல்விக் கட்டணத்தைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்கிறது, மருத்துவக் காப்பீடு தருகிறது, ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்கு உதவித்தொகையும் தருகிறது. பணக்காரத் தனியார் பல்கலைக்கழகங்களில் இந்த உதவித்தொகை இப்போது ஆண்டுக்கு 45,000 முதல் 50,000 டாலர் வரை வந்துவிட்டது. ஐந்து ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: ஒரு மாணவருக்குக் கையில் கொடுக்கும் தொகையே இரண்டரை லட்சம் டாலரைத் தொடும். அறிவியல் துறைகளில் இந்தச் செலவின் பெரும்பங்கு பேராசிரியர் வெளியிலிருந்து வாங்கி வரும் ஆராய்ச்சி நிதியில் ஓடும். வரலாற்றுப் பேராசிரியருக்கு அப்படிப் பெரிய நிதி எங்கிருந்து வரும்? ஆகவே இங்கே முழுச் செலவும் பல்கலைக்கழகத்தின் தலையில்தான் விழுகிறது. அதனால் இந்த ஆண்டு எத்தனை பேர் என்பதைத் துறை தானாகத் தீர்மானிப்பதில்லை. டீன் அலுவலகம் ஓர் எண்ணைச் சொல்லும்: எட்டு, பன்னிரண்டு, சில இடங்களில் இருபது. நூற்றுக்கணக்கில் வந்து குவியும் விண்ணப்பங்களை அந்த எண்ணுக்குள் அடக்குவதுதான் துறையின் வேலை.

மாநிலப் பல்கலைக்கழகங்களில் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே உதவித்தொகை பெரும்பாலும் கற்பித்தல் உதவியாளர் வேலைக்குக் கிடைக்கிற சம்பளம். இளங்கலை மாணவர் நூறு, இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் பேராசிரியர் விரிவுரை ஆற்றுவார். வாரம் ஒருமுறை அவர்களைச் சின்னக் குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்து விவாதம் நடத்துவதும் தாள் திருத்துவதும் பிஎச்.டி. மாணவரின் வேலை. அப்படியென்றால் இளங்கலையில் கூட்டம் குறைந்தால் உதவியாளர் தேவையும் குறையும், பிஎச்.டி. இடமும் குறையும். கூட்டம் குறையத்தான் செய்தது. 2008ல் அமெரிக்காவில் வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுத்து இளங்கலை முடித்தவர்கள் சுமார் 34,600 பேர். 2017ல் அது சுமார் 24,300. நிதி நெருக்கடியைக் கண்டு பயந்த பெற்றோரும் பிள்ளைகளும் கணினி, செவிலியர் படிப்பு என்று நகர்ந்ததன் விலையை, பத்தாண்டு கழித்து முகலாயர் காலத்து வருவாய் முறையை ஆராய வந்த ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவருடைய கோப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

சரி, எண் வந்துவிட்டது. அப்புறம் என்ன நடக்கிறது?

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடிந்துவிடும். நான்கைந்து பேராசிரியர்கள் கொண்ட சேர்க்கைக் குழு கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் ஜனவரியிலும் கோப்புகளைப் படிக்கும். ஒவ்வொரு கோப்பிலும் இருப்பவை ஏறக்குறைய ஒன்றுதான்: மதிப்பெண் பட்டியல், எதை, ஏன் ஆராயப் போகிறேன் என்று சொல்லும் இரண்டு மூன்று பக்க நோக்க உரை, இருபது இருபத்தைந்து பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்று, மூன்று பரிந்துரைக் கடிதங்கள், வெளிநாட்டவர் என்றால் டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ். ஜிஆர்இ என்ற பொது நுழைவுத் தேர்வைப் பல வரலாற்றுத் துறைகள் கைவிட்டுவிட்டன. 2018 வாக்கில் தொடங்கிய அந்தப் போக்கைக் கொரோனா வேகப்படுத்தியது. இந்தியாவில் யுஜிசி 2024ல் நெட் மதிப்பெண்ணைப் பிஎச்.டி. சேர்க்கைக்கே வாசலாக்கியது. அமெரிக்க வரலாற்றுத் துறைகள் ஏறத்தாழ அதே காலத்தில் நேர்எதிர்த் திசையில் போயிருக்கின்றன. எண் என்று எதுவும் மிச்சமில்லாத இடத்தில் எழுத்துதான் எடைபோடப்படும்.

மதிப்பெண் முற்றிலும் பொருட்டில்லை என்று இதற்குப் பொருளில்லை. கீழே இருப்பவர்களை வடிகட்ட அது உதவும். ஆனால் நூற்றுக்கணக்கான கோப்புகளில் பாதிக்கு மேல் நல்ல மதிப்பெண்தான். அங்கிருந்து மேலே பிரித்துக் காட்டுவது நோக்க உரையும் கட்டுரையும். நோக்க உரை என்றவுடன் பலரும் சின்ன வயதில் தாத்தா சொன்ன கதையிலிருந்து தொடங்குகிறார்கள். படிக்கிற பேராசிரியர் தேடுவது அதை அல்ல. இவரிடம் கேள்வி இருக்கிறதா, அந்தக் கேள்விக்கு விடை தேட எந்த ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும் என்று தெரிந்திருக்கிறதா, அந்த ஆவணங்களைப் படிக்கிற மொழி கைவசம் உண்டா. கடைசிக் கேள்வி பலரையும் கவிழ்த்துவிடும். ஒட்டோமான் பேரரசை ஆராய வருகிறவருக்கு ஒட்டோமான் துருக்கி தெரியவில்லை என்றால், அதைக் கற்கவே இரண்டு மூன்று ஆண்டு போய்விடும். உதவித்தொகையோ ஐந்தாறு ஆண்டுக்குத்தான். வரலாற்றில் பிஎச்.டி. முடிக்க ஏழெட்டு ஆண்டு எடுப்பது சாதாரணம் என்பதால், மொழி தெரியாமல் வருகிறவரைத் துறை ஒரு கடன் சுமையாகவே பார்க்கும்.

அடுத்தது பொருத்தம். எல்லாத் துறையும் சொல்லும் சொல் இது. வெளியிலிருந்து கேட்கிறவருக்கு மழுப்பல் மாதிரி இருக்கும், சில நேரம் மழுப்பலேதான். ஆனால் உள்ளே அது மிகவும் தெளிவான சில விஷயங்களைக் குறிக்கிறது. நீங்கள் ஆராய விரும்பும் துணைப்பிரிவில் நெறியாளர் இருக்கிறாரா? அவர் இன்னும் மூன்று ஆண்டில் ஓய்வுபெறப் போகிறாரா? அவரை வேறு பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டிருக்கிறதா? அவரிடம் ஏற்கெனவே ஆய்வேடு முடிக்காமல் ஆறு மாணவர்கள் இருக்கிறார்களா? போன ஆண்டு அந்தப் பிரிவுக்கு இரண்டு இடம் கொடுத்துவிட்டார்களா? பத்து இடங்களை அமெரிக்க வரலாறு, நவீன ஐரோப்பா, இடைக்காலம், லத்தீன் அமெரிக்கா, கிழக்காசியா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கு, தெற்காசியா என்று பங்கு போடும்போது, சில பிரிவுகளுக்கு ஒன்று கிடைக்கும், சிலவற்றுக்கு அந்த ஆண்டு ஒன்றுமே கிடைக்காது. நீங்கள் போட்டி போட்டது நூற்றுக்கணக்கான பேரோடு அல்ல, உங்கள் பிரிவில் விண்ணப்பித்த இருபது முப்பது பேரோடு. அந்தப் பிரிவுக்கு இந்த ஆண்டு இடமே இல்லை என்றால் அந்தப் போட்டியும் நடக்கவில்லை.

தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. யேலில் அந்த ஆண்டு உங்கள் பிரிவுக்கு ஓர் இடம் இருந்தது, நெறியாளருக்கு ஆள் தேவைப்பட்டது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உங்கள் கோப்பைப் படித்திருக்க வேண்டிய பேராசிரியர் விடுப்பில் இருந்தார். உங்கள் கட்டுரையின் தரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

குழுக் கூட்டம் என்பதும் கற்பனை செய்கிற அளவுக்குக் கம்பீரமான விஷயமல்ல. ஜூலி போசெல்ட் என்ற உயர்கல்வி ஆய்வாளர் மூன்று பல்கலைக்கழகங்களில் பத்து பிஎச்.டி. துறைகளின் சேர்க்கை நடைமுறைகளை ஆராய்ந்து, பல கூட்டங்களில் நேரில் உட்கார்ந்து கவனித்து, 2016ல் முடிவுகளை வெளியிட்டார். பேராசிரியர்கள் தங்களை நியாயவான்கள் என்றே நம்பினார்கள். ஆனால் முதல் சுற்றில் நேரத்தை மிச்சப்படுத்தத் தேர்வு மதிப்பெண்ணையும் படித்த கல்லூரியின் பெயரையும் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்றில் தங்களைப் போலவே இருந்தவர்கள்மேல் அவர்களை அறியாமலேயே சாய்ந்தார்கள். சண்டை வராமல் கூட்டத்தை முடிப்பதும் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. ஒருவர் மிகவும் விரும்பி இன்னொருவர் சந்தேகப்பட்ட கோப்பைவிட, யாரும் எதிர்க்காத கோப்புக்கு வழி எளிது. எந்த நாட்டு அலுவலகத்திலும் குழு என்று ஒன்று கூடினால் இப்படித்தான் என்று தோன்றும். ஆனால் இங்கே அதன் விளைவு குறிப்பானது: துணிச்சலான, கொஞ்சம் கரடுமுரடான ஆய்வுத் திட்டத்தோடு வருகிறவருக்குத் தனக்காகக் குரல் கொடுக்க ஒருவராவது அந்த அறைக்குள் வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்களில் இதன் இன்னொரு முகம் தெரியும். குழுவில் இருக்கிறவர் கடிதம் எழுதியவரை மாநாடுகளில் பார்த்திருப்பார், அவருடைய நூலுக்கு மதிப்புரை எழுதியிருப்பார். 'கடந்த பத்து ஆண்டில் நான் பார்த்த மூன்று நல்ல மாணவர்களில் ஒருவர்' என்று அவர் எழுதினால் அதற்கு ஓர் எடை உண்டு. முகம் தெரியாத கல்லூரியிலிருந்து வரும் 'ஒழுக்கமானவர், நேரம் தவறாதவர், கடின உழைப்பாளி' என்ற கடிதத்துக்கு அந்த எடை இல்லை. நம் கல்லூரிகளில் இன்றும் பெரும்பாலான கடிதங்கள் இந்த இரண்டாவது வகைதான். மாணவரே எழுதிக் கொண்டுவந்து கையெழுத்து மட்டும் வாங்குவதும் உண்டு. நான்கு வரி குறைத்து எழுதினாலும், அந்த மாணவரின் ஆய்வில் எது புதிது என்று ஆசிரியர் சொல்லியிருந்தால் அது எங்கேயோ போய் நிற்கும்.

பிப்ரவரியில் சேர்க்கைக் கடிதங்கள் போகத் தொடங்கும். இங்கே இன்னொரு கணக்கு வருகிறது. எட்டு இடம் இருக்கிற துறை எட்டுப் பேரைக் கூப்பிடாது. நல்ல மாணவருக்கு நாலைந்து இடத்தில் கிடைத்திருக்கும், ஒன்றைத்தான் எடுப்பார். அதனால் பழைய ஆண்டுகளின் அனுபவத்தை வைத்துப் பதினான்கு, பதினைந்து பேருக்குக் கடிதம் போகும். பாதிப் பேர் வருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பாராமல் பன்னிரண்டு பேர் சரி என்று சொல்லிவிட்டால்? அந்த நாலு பேரின் செலவை டீன் அடுத்த ஆண்டு எண்ணிலிருந்து கழித்துவிடுவார். அடுத்த டிசம்பரில் விண்ணப்பிப்பவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இதற்குப் பயந்து சில துறைகள் குறைவாகக் கடிதம் அனுப்பி, ஒரு காத்திருப்போர் பட்டியலை வைத்துக்கொள்கின்றன.

அந்தப் பட்டியல் நகர்வது ஏப்ரல் 15ஐச் சுற்றித்தான். அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பில் உள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. உதவித்தொகையோடு இடம் கொடுக்கப்பட்ட மாணவரை ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்லும்படி நெருக்கக் கூடாது என்பது அதன் சாரம். மாணவருக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆனால் இரண்டு இடங்களுக்கு நடுவே ஊசலாடுகிறவர் கடைசி நாள்வரை பிடித்து வைத்திருந்தால், பின்னால் காத்திருப்பவருக்கு அழைப்பு ஏப்ரல் 14 இரவோ 15 மதியமோதான் வரும். சில நேரம் இரண்டு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பிப்ரவரி, மார்ச் முழுக்க ஒரு செய்தியும் வராதவர்கள் கலங்குவது இயல்பு. ஆனால் இழுபறிக்குக் காரணம் பெரும்பாலும் அவர்கள் கோப்பு அல்ல, வேறு யாரோ ஒருவர் எடுக்காத முடிவு.

இவ்வளவு குறைந்த இடங்கள் எப்படி வந்தன என்பதற்குப் பணத்தைத் தவிர ஒரு மனசாட்சிக் காரணமும் சொல்லப்படுகிறது. 1989ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் வில்லியம் போவன், ஜூலி ஆன் சோசா என்பவரோடு சேர்ந்து ஒரு கணிப்பை வெளியிட்டார். 1990களின் பிற்பகுதியில் கலை, சமூக அறிவியல் துறைகளில் பேராசிரியர் பற்றாக்குறை வரும் என்றது அது. வரவில்லை. ஓய்வுபெற்றவர்களின் இடங்களைப் பல்கலைக்கழகங்கள் தற்காலிக விரிவுரையாளர்களைக் கொண்டு நிரப்பின. பிறகு 2008 நெருக்கடி. அமெரிக்க வரலாற்றுக் கழகத்திடம் வந்த ஆசிரியப் பணி விளம்பரங்கள் 2007-08ல் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. இரண்டே ஆண்டில் ஏறக்குறைய பாதியாயின, பழைய உயரத்துக்கு அப்புறம் திரும்பவே இல்லை. மறுபக்கம் 2010களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரலாற்றில் பிஎச்.டி. வாங்கிக்கொண்டிருந்தார்கள். வேலையில்லாத துறைக்கு ஆள் எடுப்பது நியாயமா என்ற கேள்வி துறைக் கூட்டங்களில் அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. 'குறைவாக எடுப்போம், எடுப்பவர்களுக்கு நன்றாகக் கொடுப்போம்' என்பது பல துறைகளின் பதிலாக இருந்தது.

எனக்கு இந்த வாதம் பாதிதான் ஏற்புடையது. எடுப்பவர்களுக்கு நன்றாகக் கொடுப்பது சரிதான், உதவித்தொகை இல்லாமல் கடன் வாங்கி வரலாற்றில் பிஎச்.டி. செய்வது தற்கொலைக்குச் சமம். ஆனால் குறைத்துக்கொண்டே போகும்போது முதலில் காணாமல் போவது அமெரிக்க வரலாறோ நவீன ஐரோப்பாவோ அல்ல. இளங்கலையில் கூட்டம் சேராத, அபூர்வ மொழி கேட்கிற, நெறியாளர் ஒரே ஒருவர் இருக்கிற பிரிவுகள்தான். சேர்க்கை எண் வெறும் நிர்வாக விஷயமாகத் தெரியும். உண்மையில் எந்த வரலாறு அடுத்த தலைமுறைக்கு எழுதப்படும் என்பதை அதுவே முடிவு செய்கிறது. மேலும், வேலை இல்லையே என்ற அக்கறை உண்மையானால், இருக்கிற வேலைகளைத் தற்காலிகமாக்கிய அதே நிர்வாகங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

கடந்த சில ஆண்டில் நடந்தவை மனசாட்சி என்ற பேச்சையே தாண்டிவிட்டன. பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. மாணவர்களின் தொழிற்சங்கம் 2024ல் ஏழு மாதத்துக்குப் பக்கமாக வேலைநிறுத்தம் செய்து, குறைந்தபட்ச உதவித்தொகையாக ஆண்டுக்கு 45,000 டாலரை வென்றது. அதற்கடுத்த மாதமே, நவம்பரில், வரலாறு உட்பட ஒரு டஜன் கலை, சமூக அறிவியல் துறைகளில் அடுத்த ஆண்டு பிஎச்.டி. சேர்க்கை நிறுத்தப்படுகிறது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. புதிய ஒப்பந்தத்தின் செலவைக் கல்லூரி டீன்களே ஒரு காரணமாகக் குறிப்பிட்டார்கள். 2025 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இன்னும் மோசம். மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வெட்டப்படும் என்ற நிலை வந்ததும், கலை-அறிவியல் பள்ளி முழுவதும் இடங்களைக் குறைக்கச் சொன்னார்கள். பேராசிரியர்கள் ஏற்கெனவே வாய்மொழியாக நல்ல செய்தி சொல்லியிருந்த சில மாணவர்களுக்கு இடம் இல்லாமல் போனது. பேராசிரியரின் மின்னஞ்சல் வேறு, டீன் கையெழுத்திட்ட கடிதம் வேறு என்பதை விண்ணப்பிக்கிறவர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில், பெரிய அறக்கட்டளை நிதி வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகங்களின் முதலீட்டு வருமானம் மீதான வரியை 1.4 சதவீதத்திலிருந்து அதிகபட்சம் 8 சதவீதமாக உயர்த்தும் சட்டம் வந்தது. அக்டோபரில் ஹார்வர்டு தன் பிஎச்.டி. இடங்களை அடுத்த இரண்டு ஆண்டுக்கு வெட்டியது. வரலாற்றுத் துறை அடங்கிய சமூக அறிவியல் பிரிவில் வெட்டு 50 முதல் 70 சதவீதம் என்று அதன் மாணவர் நாளிதழ் எழுதியது.

இடையில், 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்ததும் குழுக்களின் பேச்சை மாற்றியிருக்கிறது. வாழ்க்கைப் பின்னணியைப் பற்றி ஒருவர் எழுதினால் அதை எப்படிப் படிப்பது என்பதில் இப்போது வழக்கறிஞர்களின் நிழலும் விழுகிறது. ஆனால் ஐந்தாறு இடம் மட்டுமே இருக்கிற துறையில், இந்த விவாதம் வருவதற்கு முன்பே பிரிவுக் கணக்கு பெரும்பாலானவர்களை வெளியேற்றிவிடும்.

தெற்காசிய வரலாற்றை நோக்கி இங்கிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு இதெல்லாம் நேரடியாக வந்து இடிக்கும். ஒரு துறைக்குத் தெற்காசியாவுக்கு ஆண்டுக்கு ஓர் இடம் கிடைத்தாலே நல்ல ஆண்டு. அந்த ஓர் இடத்துக்கு முகலாயர், வங்காளம், பிரிவினை, சாதி வரலாறு, இந்தியப் பெருங்கடல் வணிகம் என்று எல்லாரும் மோத வேண்டும். ஒரு சாதகமும் உண்டு. சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி என்று தமிழ் கற்பிக்கும் சில இடங்களைத் தவிர்த்தால், ஆவணத் தமிழை வாசிக்கத் தெரிந்த விண்ணப்பதாரர் அங்கே அபூர்வம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1670 தொடங்கி மதராஸ் ஆட்சியின் ஆவணங்கள் இருக்கின்றன, டச்சுக்காரர்களின் ஏடுகளும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். மோடி என்ற பழைய மராத்தி எழுத்து வடிவில் உள்ள தஞ்சை மராத்தியர் காலத்து ஆவணங்களைப் படிக்கக்கூடியவர்கள் உலகம் முழுக்கவே கொஞ்சம் பேர்தான். தமிழோடு மோடியோ டச்சோ தெரிந்த ஒருவர் 'நான் இந்த ஆவணத் தொகுப்பைப் பார்த்திருக்கிறேன், இதில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி இது' என்று எழுதினால், எங்கே படித்தார் என்பது இரண்டாம்பட்சமாகிவிடும். நம் மாணவர்கள் பலரும் இதைச் சொல்லாமல், கோட்பாட்டுப் பெயர்களை அடுக்கி ஆங்கிலத்தை மெருகேற்றுவதில் நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அதில் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்துவிட்டு வருகிறவர்களோடு போட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை.

விண்ணப்பக் கட்டணம் இடத்துக்கு இடம் 75 முதல் 125 டாலர் வரை ஆகிறது. பத்து இடத்துக்குப் போட்டால் ஒரு லட்சம் ரூபாய்க்குப் பக்கமாகக்கூட வந்துவிடும். இடமே இல்லாத பிரிவுக்கு இந்தப் பணத்தை வாங்கிக்கொள்வது எந்த வகையில் சரி என்று தெரியவில்லை. 'இந்த ஆண்டு இந்தப் பிரிவில் யாரையும் எடுக்கவில்லை' என்று தங்கள் இணையதளத்திலேயே போட்டுவிடுகிற துறைகளும் இருக்கின்றன, மற்றவையும் அதைச் செய்தால் குறைந்தா போய்விடும்? அதுவரை செப்டம்பரிலோ அக்டோபரிலோ நெறியாளராக வரக்கூடியவருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்பிக் கேட்பதுதான் வழி: இந்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா, துறைக்கு எண் வந்துவிட்டதா? முழு ஆய்வுத் திட்டத்தையும் இணைத்து அனுப்பினால் திறந்து பார்க்க மாட்டார்கள். ஐந்து வரியில் என்ன ஆராய்கிறீர்கள், எந்த ஆவணம், எந்த மொழி என்று சொல்லி, இந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொண்டால் பெரும்பாலானவர்கள் பதில் எழுதுவார்கள். 'கட்டாயம் விண்ணப்பியுங்கள்' என்ற பதிலை மட்டும் நம்ப வேண்டாம், எல்லாருக்கும் அதைத்தான் எழுதுவார்கள். 'எனக்கு இந்த ஆண்டு விடுப்பு, அடுத்த ஆண்டு பாருங்கள்' என்று ஒருவர் எழுதினால் நன்றி சொல்லிவிட்டு அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.